ஒரே மதிலுக்குள் 80 பங்காளிகள்

பிரான்ஸ் நாட்டின் கிழக்கே, திஜோன் நகரிலிருந்து தெற்கே போகும் சாலையில் வலது கைப் பக்கம் ஒரு சரிவு கூடவே வருகிறது. மலை என்று சொல்ல முடியாது, மேடுதான். பர்கண்டி ஒயினுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த மேடு. அதன் அடிவாரத்தில் வூஜோ என்ற சிற்றூர். அங்கே கல்மதில் சூழ்ந்த சுமார் 125 ஏக்கர் திராட்சைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 'க்ளோ த வூஜோ' என்று பெயர்.

12-ம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கி, துண்டு துண்டாகச் சேர்த்த நிலம் இது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு பறித்து விற்றது. ஆனாலும் பிரிந்துவிடவில்லை. 1889-ல்தான் பலருக்குக் கூறுபோட்டு விற்றார்கள். அதன் பிறகு வாரிசுகளுக்குள் பாகம் பிரிந்து பிரிந்து, இன்று சுமார் 80 உரிமையாளர்கள். சிலருக்குச் சொந்தம் சில வரிசைகள் மட்டுமே.

எல்லோரும் வளர்ப்பது பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை. ஆனால், மண் ஒன்றல்ல. மேட்டுப் பக்கம் ஆழமில்லாத சுண்ணாம்புச் சரளை, மழைநீர் உடனே வடிந்துவிடும். சாலையோரத்தில் கனத்த களிமண், மழை கூடிய வருஷத்தில் வேர் ஈரத்திலேயே கிடக்கும். ஒயினில் அந்த வித்தியாசம் தெரியும். ஆனால், மேட்டு ஒயினுக்கும் பள்ளத்து ஒயினுக்கும் புட்டியில் ஒரே பெயர், ஒரே உயர்தர முத்திரை. அதனால் விவரம் தெரிந்தவர்கள் தோட்டத்தின் பெயரோடு நிற்பதில்லை, பயிர் செய்தவர் யார் என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

பந்தல் கிடையாது. ஏக்கருக்கு 4,000 செடிகள் அளவில் நெருக்கி நட்டு, கம்பி கட்டித் தாழ்வாகவே வளர்க்கிறார்கள். அந்த இடைவெளியில் சாதாரண டிராக்டர் நுழையாது. வரிசைக்கு இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து, செடிக்கு மேலாகவே கடந்து போகும் உயரமான வண்டிகள் உழுகின்றன. மகசூலுக்கும் வரம்பு உண்டு, ஏக்கருக்கு ஏறக்குறைய 1,400 லிட்டர் ஒயின். காய்ப்பு கூடினால் தரம் இறங்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஏப்ரல் மாதம்தான் தூக்கம் போகும். துளிர் விட்ட நேரத்தில் உறைபனி விழுந்தால் ஒரே ராத்திரியில் வெள்ளாமை போய்விடும். 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்கப் பல பகுதிகளில் அப்படித்தான் ஆனது. வரிசைகளுக்கு நடுவே பெரிய மெழுகு டப்பாக்களைக் கொளுத்தி, விடிய விடியக் காவல் இருந்தார்கள்.

நிலவறையில் ருசி பார்ப்பவர்கள் குடிப்பதில்லை. கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் கொப்பளித்துத் துப்பிவிடுகிறார்கள். இளம் ஒயினில் செர்ரிப் பழ வாசனை. பத்து, பதினைந்து வருஷம் கிடந்ததில் ஈரச் சருகும் காளானும் கலந்த காட்டு வாசனை.

இவ்வளவு பேர் இருந்தும் கால் ஏக்கர்காரருக்குக் கிடைப்பது ஒன்றரை பீப்பாய்தான். ஒரு பீப்பாய் 228 லிட்டர். ஆனால், நிலத்தின் விலையோ ஏக்கருக்குப் பத்து லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. தகப்பன் இறந்தால் வாரிசு வரி அந்த விலையை வைத்துத்தான், விளைச்சலை வைத்து அல்ல. சில குடும்பங்கள் நிலத்தைக் கூட்டுச் சொத்தாகப் பதிந்து, ஒருவரே பயிர் செய்யும்படி ஏற்பாடு செய்கின்றன. அதற்கு உடன்பிறந்தவர்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துவராத இடத்தில் நிலம் விலைக்கு வருகிறது, பக்கத்து வரிசைக்காரரால் தொட முடியாத விலைக்கு.