அண்ணையும் நானும் ஒரு பதினெட்டு அடிப் படகும்

வருகிற யூலை முதல் கிழமை லோபோத்தன் தீவுகளுக்குப் போய், சின்னப் படகில் மீன் பிடிப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். மாசி மாதத்திலிருந்து எனக்கு இதே வேலைதான். சாப்பாட்டு மேசை முழுக்கக் கடல் வரைபடம். மனுசி அதை மடித்து வைத்தால்தான் சோற்றுக் கோப்பைக்கு இடம் கிடைக்கும்.

பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் நின்று கோட் மீன் வெட்டியவன் நான். இந்தக் கையால் எத்தனை ஆயிரம் மீன் போயிருக்கும் என்று கணக்கில்லை. ஆனால் ஒன்றைக்கூட நானாகக் கடலிலிருந்து தூக்கியதில்லை. எண்பதுகளில் நோர்வேக்கு வந்த எங்கள் ஆட்கள் பலரின் கதை இதுதான். விடுதியோடு கூடிய ஒரு வருடப் பாடசாலைக்கு என்று விசா எடுத்து வருவோம். மொழி கொஞ்சம் பிடிபட, வடக்கே மீன் வேலை இருக்கிறதென்று யாராவது சொல்ல, அங்கே ஏறிப்போவோம். எங்களிடம் வரும்போது மீனுக்குத் தலையும் இராது, கடலும் இராது.

ஊரிலும் கடல் எனக்குத் தூரம்தான். எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைலில் கடற்கரை. ஆனால் கடலுக்குப் போவது எங்களுடைய வேலையில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். ஏன் இல்லை என்று அந்த வயதில் நான் கேட்கவுமில்லை, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவுமில்லை. நோர்வேயில் எனக்குப் பக்கத்தில் நின்று வெட்டிய அண்ணை மயிலிட்டிக்காரர், தலைமுறையாகக் கடற்றொழில். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டிருப்போமா என்பது சந்தேகம். இப்போது முப்பத்தைந்து வருடச் சிநேகிதம். இந்தப் பயணமே அவரை நம்பித்தான்.

ஒஸ்லோவில் இருந்துகொண்டு ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று கேட்பீர்கள். ஒஸ்லோ பியோர்ட்டில் கோட் மீன் அருகிப்போய், 2019 யூனிலிருந்து தெலெமார்க் கரையிலிருந்து சுவீடன் எல்லை வரை அதைப் பிடிக்கத் தடை. தற்செயலாக உயிரோடு அகப்பட்டால் திரும்ப விடவேண்டும். வெட்டிய மீனையே பிடிக்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வடக்கேதான் போகவேண்டும்.

லோபோத்தனில் எந்தப் பக்கம் தங்குவது என்பதில்தான் அதிக நேரம் போனது. படங்களில் அழகாகத் தெரிவது தெற்கு நுனி. என் மகளும் அதைத்தான் காட்டினாள். அந்த நுனிக்கும் வார்ய் தீவுக்கும் இடையில்தான் மொஸ்க்ஸ்திரௌமன் என்ற பெரும் நீரோட்டம் ஓடுகிறது. எட்கர் அலன் போ 1841 இல் கதையெழுதியதும், யூல்ஸ் வேர்ன் தன் நீர்மூழ்கியைக் கொண்டுபோய்ச் சுழல வைத்ததும் இதில்தான். கதையில் வருகிற மாதிரி வாய் பிளந்த சுழியொன்றும் அங்கே இல்லையாம். ஆனாலும் வற்றும் பெருக்கும் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திசை மாறும் இடத்தில், ஓட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலை குத்தென எழும்பும். பதினெட்டு அடிப் படகுக்கு அங்கே வேலையில்லை. வெளிப்பக்கம் திறந்த அத்லாந்திக். அதுவும் வேண்டாம். கடைசியில் உள்பக்கம், வெஸ்ட்பியோர்ட்டைப் பார்த்தபடி பால்ஸ்தாத் என்ற மீன்பிடி ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரோர்பு எடுத்திருக்கிறோம். ரோர்பு என்பது மாரிகாலக் கோட் மீன்பிடிக்கு வருகிறவர்கள் தங்குவதற்காகக் கரையோரம் கால் நட்டுக் கட்டிய மரவீடு. இப்போது அவற்றில் பாதி எங்களைப் போன்ற ஆட்களுக்குத்தான்.

படகுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1980 தை முதலாம் திகதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள், 8 மீற்றருக்கு மேற்பட்ட படகையோ 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரத்தையோ ஓட்டுவதற்குச் சோதனை எழுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை. எங்கள் படகுக்கு 40 குதிரைவலு. 1958 இல் பிறந்து, சுக்கானை ஒருநாளும் தொட்டறியாத நான் தாராளமாக ஓட்டலாம். 1989 இல் பிறந்த மகள் இரவிரவாகப் படிக்க வேண்டியிருந்தது. படிக்கும்போது எனக்கும் சொல்லித் தந்தாள். பாறைகளில் நட்டிருக்கும் இரும்புக் கம்பங்கள் சிலவற்றின் உச்சியில் கை நீட்டினது மாதிரி ஒரு துண்டு இருக்கும். கை காட்டுகிற பக்கத்தால் போகவேண்டும், மற்றப் பக்கம் கல். இதை மட்டும் நான் மறக்கமாட்டேன்.

அண்ணைக்கு வரைபடத்தைக் காட்டினபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. விரலை வைத்து ஆழ எண்களை வாசித்துக்கொண்டு போனார். நாற்பது, முப்பத்தெட்டு, அடுத்தது ஒரு சின்னச் சிலுவைக் குறி. நீருக்குள் மறைந்த பாறை.

"எங்கட கடலில கல் வருதெண்டால் தண்ணி நிறம் சொல்லும் தம்பி. இஞ்ச கறுத்தத் தண்ணிக்குள்ள நேர எழும்பி நிக்குது."

பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். அங்கே பழகின கண்ணுக்கு, கரையிலிருந்து கல் எறியும் தூரத்தில் நூறு மீற்றர் ஆழம் என்பது வேறு உலகம்.

அவர் 1990 யூனில் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டவர். இரண்டு நாளில் திரும்பலாம் என்று வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்துவிட்டு வந்தாராம். காரைநகர் சீநோர் தளத்தில் செய்த பைபர் வள்ளம். சீநோர் நோர்வேயின் உதவியோடு உருவான நிறுவனம். 1956 இல் இங்கே வந்த, முதல் நோர்வேத் தமிழர் என்று அறியப்படுகிற அன்ரனி ராஜேந்திரமும் நோர்வே நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது. நோர்வேக்காரன் காசில் கட்டின வள்ளத்தை ஊரில் விட்டுவிட்டு நோர்வேக்கு மீன் வெட்ட வந்தேன் என்று அண்ணை பகிடியாகச் சொல்லுவார். துறைமுகத்தை 2017 யூலையில்தான் திரும்ப விட்டார்கள். அடுத்த வருடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பார்த்தார் என்று சொல்லவில்லை. இங்கே வந்த இத்தனை வருடத்தில் அவர் ஒரு படகிலும் ஏறியதில்லை. கோடையில் ஆட்கள் கூப்பிட்டால் தோள் நோகுது என்பார். தோள் உண்மையாகவே நோகிறதுதான். தொழிற்சாலை அவருக்குக் கொடுத்தது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது.

ஆகவே பயணம் பற்றி நான் பட்டும் படாமலும்தான் சொன்னேன். ஒரு கிழமை கழித்து அவரே தொலைபேசி எடுத்தார். வாறன், ஆனால் ஒரு கதை. காலமை எழும்பி நான் வேண்டாமெண்டால் வேண்டாம். ஏனெண்டு ஒருத்தரும் கேக்கப்படாது. யேர்மனியிலிருந்து வருகிற என் தமையன் மகன் உட்பட.

அந்தப் பெடியனுக்கு இது பிடிக்கவில்லை. ஏழு நாளுக்குக் காசு கட்டிவிட்டு மூன்று நாளோ கடலுக்குப் போவது, சித்தப்பா? என்றான். மூன்று கிடைத்தால் நல்ல கிழமை என்றேன். காற்றைச் செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்று இங்கே வானிலையில் சொல்வார்கள். ஐந்து வரை போகலாம், எட்டென்று போட்டிருந்தால் வீட்டில் சீட்டு விளையாடலாம் என்பது எங்கள் அளவு. தென்மேல் காற்று வெஸ்ட்பியோர்ட்டுக்குள் அலையை உருட்டிக்கொண்டு வரும். மலையின் ஒதுக்கில் நிற்கிறோம் என்று ஆறுதல்படவும் முடியாது. சிகரத்திலிருந்து திடீரென்று விழுகிற காற்று இருக்கிறது. அண்ணை இதைக் கேட்டுவிட்டு, சோளகம் சொல்லிப்போட்டு வரும், இது களவாணிக் காத்து என்றார்.

யூலை முதல் கிழமை அங்கே சூரியன் மறையாது. அதிலும் ஓர் ஆபத்து. இரவு பதினொரு மணிக்கு வெளிச்சத்தைப் பார்த்து, இன்னும் ஒரு மணித்தியாலம் நிற்போம் என்று தோன்றும். களைத்த ஆள்தான் கல்லில் ஏற்றுவான். ஆகவே பின்னேரம் ஆறு மணிக்கு வள்ளம் கட்டப்பட வேண்டும் என்பது அண்ணையின் இரண்டாவது கட்டளை.

மனுசி கேட்ட கேள்விக்குத்தான் எனக்கு உடனே விடை வரவில்லை. "ரெண்டு கிழவன்கள். ஒருத்தர் விழுந்தா மற்றவர் எப்பிடித் தூக்கிறது?" கோடையிலும் அந்தத் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு பாகைதான். முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறும். பத்து நிமிடத்துக்குள் விரல்கள் சொன்னபடி கேளாது. தோள் நோகும் ஒருவரால் படகின் விளிம்பைப் பிடித்துத் தன்னைத் தூக்கவே முடியாது. 8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடும்போது மிதவை அங்கி போட்டிருக்க வேண்டும் என்பது 2015 இலிருந்து சட்டம். அங்கி மிதக்க வைக்கும், ஏற்றிவிடாது. படகுக்காரரைக் கூப்பிட்டு, தண்ணீருக்குள் இருந்தே இழுத்து இறக்கக்கூடிய ஏணி இருக்கிறதா என்று கேட்டேன். முதலில் காட்டிய படகில் இல்லை. அதை மாற்றி, காசு கூடின ஒன்றை எடுத்தோம். ஓட்டுகிறவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புக் கயிறு எப்போதும் ஓட்டுகிறவரின் காலில் இருக்கும். சித்திரையில் நானும் அண்ணையும் பக்கத்து நீச்சல் தடாகத்துக்குப் போய், ஏணியில் ஏறிப் பார்த்தோம். இடது கையாலும் காலாலும் ஏறிவிட்டார். ஏறினபிறகு தடாகத்தின் ஓரத்தில் இருந்து கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசாமல் இருந்தேன்.

மீன் பிடிக்கிற விதம் பெரிய வித்தையில்லை என்கிறார்கள். இயந்திரத்தை நிறுத்தி, கடலடி மேடொன்றின் சரிவில் படகைத் தானாக ஒழுக விட்டு, ஈயக்கட்டி போட்ட தூண்டிலை அடியில் தட்டித் தட்டி எழுப்புவது. தூண்டில் கல்லில் மாட்டினால் நரம்பைக் கையில் சுற்றி இழுக்கக் கூடாது, அறுத்துவிட வேண்டும். நங்கூரத்தைப் பின்பக்கத்தில் கட்டக் கூடாது. மீன் வளர்ப்புக் கூண்டுகளுக்கு நூறு மீற்றர் கிட்டப் பிடிக்கக் கூடாது. 62 ஆம் பாகைக்கு வடக்கே கோட் மீன் 44 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கைத்தூண்டில் மட்டும்தான் போடலாம், விற்க முடியாது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் இதை வாசிக்கிறவர்கள் மீனை வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தால், பதிவுசெய்த மீன்பிடிச் சுற்றுலா இடமொன்றில் தங்கி, அவர்கள் தரும் பத்திரத்தை வாங்க வேண்டும். எத்தனை கிலோ என்பது மாறிக்கொண்டிருக்கிறது. புறப்படுகிற மாதத்திலேயே சுங்கத்தின் பக்கத்தில் பாருங்கள்.

பிடித்த பிறகு என்ன செய்வது என்பதில் எங்களுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மீனை உடனே கழுத்தில் வெட்டி இரத்தம் போகவிட வேண்டும். இல்லாவிட்டால் சதை சிவந்துபோகும். அப்படி வந்த மீனை மேசையில் போட்டவுடனேயே நாங்கள் சொல்லிவிடுவோம், இந்தப் படகில் சோம்பேறி ஒருவன் நிற்கிறான் என்று. ஒளி மேசையில் வைத்துச் சதைக்குள் சுருண்டு கிடக்கும் புழுவைத் தேடித் தேடி எடுத்த கண்கள் எங்களுடையவை. அண்ணையின் கண் இன்னும் அப்படியே இருக்கிறது. கடையில் மீன் வாங்கினாலும் முதலில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார்.

இனிச் சாமான்கள்தான் மிச்சம். தலைகளை வைத்து ஒருநாள் கூழ் காய்ச்சுவதென்று முடிவு. ஒடியல் மா, பழப்புளி, மிளகாய்த்தூள் எல்லாம் தனிப் பெட்டியில். அண்ணை மூன்றாவதாக ஒன்று சொல்லியிருக்கிறார். மீன் படாவிட்டால் அந்த ஊர்க் கடையில் வாங்கக் கூடாது, மானம் போய்விடும். மனுசி அதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுப் பார்த்தேன், சாமான் பட்டியலின் அடியில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறா: ரின்மீன், ஆறு.