அரியலூர் சிமெண்டும் ஓ.எம்.ஆர். அடுக்ககமும்

அரியலூர் மாவட்டத்து ரெட்டிப்பாளையத்திலும் ஆலத்தியூரிலும் உருவாகும் சிமெண்ட் மூட்டை சென்னையின் துரைப்பாக்கத்தில் இறங்கினாலும் பெரம்பலூரில் இறங்கினாலும் விலையில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை என்பதால், 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) வீடுகள் கண்ட விலையேற்றத்தைக் கட்டுமானச் செலவைக் கொண்டு விளக்கிவிட முடியாது. ஏறியது நிலம். அடுக்ககம் வாங்குபவருக்குச் சேரும் நிலம், மொத்த மனையில் அவருக்குரிய 'பிரிக்கப்படாத பங்கு' மட்டுமே. கட்டடம் ஆண்டுதோறும் தேய, மதிப்பு கூடுவது இப்பங்குக்குத்தான் என்றாலும், விளம்பரங்களில் நீச்சல்குளமே பெரிதாகத் தெரிகிறது.

பெரம்பலூரின் கதை வேறு. எறையூர் வட்டாரத்தில் 2000களின் பிற்பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென வாங்கப்பட்ட ஏறத்தாழ 3,000 ஏக்கரில் பெரும்பகுதி நெடுங்காலம் தரிசாகவே கிடந்து, 2022 நவம்பரில்தான் அங்கே சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கப்பட்டது. இத்தகைய இடங்களில் வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்கென அரசு தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலை, இருமுனைக் கத்தியாகிறது. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து பொதுவாக 9 விழுக்காடு ஆவதால், கைமாறிய தொகையை மறைத்து வழிகாட்டி மதிப்பையே பத்திரத்தில் எழுதும் வழக்கம் பரவியுள்ளது. பின்னர் அரசு நிலம் எடுக்கும்போது அந்தக் குறைந்த பத்திரங்களே இழப்பீட்டுக்கும் அளவுகோலாகின்றன. ஓ.எம்.ஆரில் அடுக்ககம் வாங்கும் மென்பொருள் ஊழியர் கடனுக்காக வங்கியிடம் விலையைப் பெரும்பாலும் முழுமையாகக் காட்ட வேண்டியிருக்கிறது. ரொக்கத்தில் விற்ற உழவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை, அதன் பாதுகாப்பும் இல்லை.