கண்ணாடியா, படிகமா?

ஃப்ரிட்ஜைத் திறந்து கிளிசரின் பாட்டிலை எடுத்துச் சாய்த்துக் காட்டினார் ஆய்வு மாணவி. உள்ளே இருந்தது சோம்பலாக நகர்ந்தது. “இதோட உருகுநிலை 18 டிகிரி சார். இந்நேரம் கட்டியாகியிருக்கணும். ஆனா லேசில் ஆகாது” என்றார்.

மெல்லிய குழாயில் கொஞ்சம் ஊற்றி, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் இறக்கினார். சளசளவென்று கொதித்து அடங்கியது. வெளியே எடுத்தபோது பளிங்குபோல் தெளிவு, கவிழ்த்தாலும் அசையவில்லை. டிக், டிக் என்ற சத்தத்தோடு குறுக்கே விரிசல்கள் ஓடின. திடப்பொருள்தான், ஆனால் படிகமல்ல, கண்ணாடி.

படிகமாக வேண்டுமானால் மூலக்கூறுகள் நகர்ந்து, திரும்பி, வரிசையில் அமர வேண்டும். கிளிசரின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள். அவை அக்கம்பக்கத்தைப் பிடித்துக்கொள்வதால் குளிரக் குளிர நடமாட்டம் குறைகிறது. மைனஸ் 83 டிகிரியை நெருங்கும்போது பாகுத்தன்மை தண்ணீரைவிடக் கோடி கோடி மடங்குக்கும் மேல். வரிசை சேருவதற்குள் அவரவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். கற்கண்டும் பஞ்சுமிட்டாயும் ஒரே சர்க்கரைதான். முன்னது படிகம், பின்னது கண்ணாடி.

அடுத்தது சலோல். 42 டிகிரி வாக்கில் உருகும் வெள்ளைத் தூள். கண்ணாடிச் சில்லில் உருக்கி ஆறவிட்டார். அறை வெப்பத்திலும் திரவமாகவே கிடந்தது. நுண்ணோக்கியில் இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்தால் திரவமும் கண்ணாடியும் இருட்டாகத் தெரியும். படிகம் மட்டுமே ஒளிரும். ஊசி முனையில் ஒரு துளி சலோல் தூளைத் தொட்டு வைத்தார். தொட்ட இடத்திலிருந்து நீலமும் மஞ்சளுமாகப் படிக முனைகள் இருட்டுக்குள் நகர்ந்து வந்தன.

இன்னொரு துளியைக் குளிர்மேடையில் விறுவிறுவென்று மைனஸ் 100 டிகிரிக்குக் கொண்டுபோனார். இருட்டு. பிறகு மெதுவாகச் சூடேற்றினார். மைனஸ் 53 டிகிரி வாக்கில் கண்ணாடி இளகும். அதைத் தாண்டிச் சற்று மேலே போனதும் அங்கங்கே ஒளிப்புள்ளிகள் முளைத்தன.

“குளிரும்போது ஆகாதது, சூடாகும்போது ஏன்?” என்றேன்.

“படிகக் கரு உருவாக ஆழ்ந்த குளிர் தோது. அது வளர மூலக்கூறு நகரணும், அதுக்குக் கொஞ்சம் சூடு வேணும். குளிர வைக்கும்போது வளர்ற கட்டம் முதல்ல வந்துடும். அப்போ கரு இருக்காது. சூடாக்கும்போது கரு தயாரா இருக்கும்.”

கருமுட்டை, கருக்களை உறையவைக்கும் மருத்துவமனைகளுக்கு இதனால்தான் இரட்டைக் கவனம். பனிப்படிகம் செல்லைச் சிதைக்கும் என்பதால் வேகமாகக் குளிர்வித்துக் கண்ணாடியாக்குகிறார்கள். வெளியே எடுக்கும்போதும் வேகமாகவே சூடேற்றுகிறார்கள்.

மருந்துகளுக்கும் இதே சிக்கல் உண்டு. இண்டோமெத்தசின் என்ற வலிநிவாரணி, படிகத்தைவிடக் கண்ணாடி வடிவில் எளிதாகக் கரையும். ஆனால் அந்தக் கண்ணாடி 42 டிகிரியிலேயே இளகும். அறை வெப்பத்தில் சும்மா வைத்திருந்தாலும் நாளடைவில் படிகமாகிவிடும். இத்தகைய மருந்துகளோடு பாலிமர் கலப்பது மூலக்கூறுகளின் நடமாட்டத்தைக் கட்டிப்போடத்தான். மாத்திரை காலாவதியாகும்வரை கண்ணாடி தாக்குப்பிடித்தால் போதும்; என்றென்றைக்கும் அப்படியே இருக்க வேண்டிய அவசியமில்லை.