நாலாயிரம் ரூபாயும் ஒரு டிஸ்டார்ஷன் பெடலும்

சின்னமனூர்ப் பையன் ஒருவன். பி.காம். இரண்டாம் ஆண்டு. பகலில் படிப்பு, ராத்திரியில் கிடார். தேனி மாவட்டத்துக்குக் கிடார் ஒன்றும் புதிதல்ல. லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப்பதக்கம் வாங்கிய இளையராஜாவுக்குப் பக்கத்துப் பண்ணைப்புரம்தான் சொந்த ஊர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு அவர் ஊர் ஊராகப் போய் வாசித்ததும் திறந்தவெளி மேடைகளில்தான்.

அப்படி ஒரு திருவிழா மேடையில், ஒரு மெல்லிசைக் குழுவில், இந்தப் பையனுக்கு முதல் வாய்ப்பு வந்தது. ஒரு குத்துப்பாட்டின் நடுவே எட்டு பார் லீட். சாதாரண டோனில் வாசித்தால் எடுபடாது என்று நண்பனிடம் ஒரு டிஸ்டார்ஷன் பெடலை இரவல் வாங்கினான். வீட்டில் சின்ன பிராக்டிஸ் ஆம்ப்பில் போட்டுப் பார்த்தால் இடி இடித்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை சண்டைக்கே வந்துவிட்டார்!

மேடையில் ஆம்ப் எல்லாம் கிடையாது. பெடலில் இருந்து ஒயர் நேராக மிக்ஸருக்குப் போனது. முதல் சுரம் வாசித்ததுமே மிக்ஸியில் காய்ந்த மிளகாய் அரைக்கிற சத்தம்.

"தம்பி, ஒயர்ல ஏதோ லூஸ் கனெக்‌ஷன். கொர்ருங்குது, ஆட்டிப் பாரு!" என்றார் மைக் செட் அண்ணன்.

"லூஸ் இல்லண்ணே, டோனே அதான்!"

அதற்குள் அவர் அந்த சேனலை மூடிவிட்டார். எட்டு பாரும் விரல் ஓடியது, ஊருக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் அம்மா. மகன் நன்றாகத்தான் வாசிக்கிறான் என்று நினைத்துக் கைதட்டினார். அதுதான் அவனுக்கு ரொம்ப வலித்தது.

சிரிப்பு என்னவென்றால், மைக் செட் அண்ணன் சொன்னது முழுத் தப்பும் இல்லை. டிஸ்டார்ஷன் பெடல் பிறந்ததே கோளாறில்தான். மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாட்டைப் பதிவு செய்தபோது மிக்ஸரில் கோளாறு. பேஸ் கிடார் கரகரத்தது. அந்தச் சத்தம் பிடித்துப்போய் அப்படியே விட்டார்கள். 1962-ல் அதே கரகரப்பை வேண்டும்போது வரவைக்க மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெட்டி வந்தது. 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தையே பிளேடால் கிழித்து வாசித்தார்!

இன்றைய பெடல் இதை நாகரிகமாகச் செய்கிறது. கிடாரிலிருந்து வரும் சின்ன சிக்னலைப் பல மடங்கு பெருக்கி, டயோடுகளை வைத்து அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. தலை வெட்டிய அலையில் இல்லாத புது ஒலிகள் முளைக்கும். 'ஹெவி' என்று நாம் சொல்வது அதைத்தான். கூடவே காதைக் குத்தும் கீச்சு ஒலிகளும் ஏராளமாக முளைக்கும். கிடார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகப் பேசாது. அந்தக் கீச்சு அங்கேயே அடங்கிவிடும். கச்சேரி ஸ்பீக்கரோ பாடகியின் 'ஸ்' வரைக்கும் தெளிவாகப் பேசும். அதில் கீச்சு முழுசாக வெளியே வரும். வீட்டில் இடி, மேடையில் மிளகாய். காரணம் இவ்வளவுதான்.

இது புரிய அவனுக்கு ஒரு மாசம் ஆனது. கையில் இருந்தது நாலாயிரம் ரூபாய். லீவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கணக்கு எழுதிச் சேர்த்தது. தப்பாக வாங்கினால் அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டும்.

முதலில் மனசில் இருந்தவை பாஸ் கம்பெனியின் இரண்டு பெடல்கள். 1978-ல் வந்த டிஎஸ்-1, ஆரஞ்சு நிறம், மூன்றே குமிழ். 1991-ல் வந்த மெட்டல் ஸோன் எம்டி-2, இன்னும் கனமான சத்தம். அதில் மிட் எந்த அலைவரிசையில் ஏறி இறங்க வேண்டும் என்பதைக்கூட நாமே வைக்கலாம். இரண்டும் ஆம்ப் வைத்திருப்பவருக்கு அருமை. விலை குறைவாக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் உடம்போடு பெரிங்கர் பெடல்கள். ஆனால் ஆம்ப்பே இல்லாத மேடைக்கு? ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் நடிக்கிற பெடல் வேண்டும். 1989-ல் சான்ஸ்ஆம்ப் தொடங்கி வைத்த வழி அது. அதே வழியில் மலிவாக வந்தது சீனக் கம்பெனியான ஜோயோவின் 'பிரிட்டிஷ் சவுண்ட்'. உறுமலையும் தரும், கீச்சையும் வடிகட்டும்.

மதுரைக்கு பஸ் ஏறினான். கடையில் அவன் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணே, ஆம்ப்ல வேணாம். மிக்ஸர்ல சொருகிக் காட்டுங்க."

"எல்லாரும் ஆம்ப்லதாம்ப்பா கேப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே சொருகினார் கடைக்காரர்.

மூன்று பெடல்களை அப்படிக் கேட்டான். இரண்டு மிளகாய் அரைத்தன, ஒன்று பாடியது. நாலாயிரத்துக்குள் அடங்கியது, பஸ்ஸுக்கும் மிஞ்சியது.

இன்னொரு பாடமும் கிடைத்தது. தனி அறையில் மிட்டைக் குறைத்து, பாஸும் டிரெபிளும் ஏற்றினால் பயங்கர ஹெவியாகக் கேட்கும். கச்சேரியில் பாஸ் கிடாரும் டிரம்ஸும் கீழே, கீபோர்டும் சிம்பலும் மேலே. லீடுக்கு மிச்சம் இருக்கும் இடம் நடுவில்தான். மிட்டைக் குறைத்தவன் தன் இடத்தைத் தானே காலி செய்கிறான். டிரைவும் அப்படியே. முழுசாகத் திருப்பினால் சுரமெல்லாம் ஒன்றோடொன்று குழைந்துவிடும். பாதிக்குச் சற்று மேலே போதும்.

ஆக, குறைந்த காசில் பெடல் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது பெடலை அல்ல. ஒயரின் அடுத்த முனை எங்கே போகிறது என்பதைத்தான். ஆம்ப் இருந்தால் டிஎஸ்-1 மாதிரி ஒன்று போதும். நேராக மிக்ஸர் என்றால் ஸ்பீக்கர் வேலையையும் சேர்த்துச் செய்கிற பெடல். அடாப்டர் வாங்கும்போது 9 வோல்ட், நடுமுனை நெகடிவ் என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்த திருவிழாவில் அதே குழு, அதே மைக் செட் அண்ணன். இந்தத் தடவை எட்டு பாரும் ஊருக்கே கேட்டது. இறங்கும்போது அவர் கேட்டார்:

"என்னப்பா, ஒயர மாத்திட்டியா?"

"ஆமாண்ணே" என்றான்.