தேனிக்கு நின்ற லட்சிய நடிகர்

1962 தேர்தல் எங்களுக்கு டூரிங் கொட்டகையிலேயே தொடங்கிவிட்டது. தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் உட்கார்ந்து ‘குமுதம்’ பார்த்துக்கொண்டிருந்தோம். எஸ்.எஸ்.ராஜேந்திரன் திரையில் வந்ததும் பின்னாலிருந்து யாரோ, “நம்ம தேனிக்கு நிக்கப்போறாருடா” என்றார்கள். அப்புறம் கதை யார் காதில் ஏறும்?

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பட்டணத்து ஆட்கள். எஸ்.எஸ்.ஆர். சேடபட்டிக்காரர், பஸ் ஏறினால் போய்விடுகிற ஊர். நாடகக் கம்பெனியில் வளர்ந்து, ‘பராசக்தி’யில் காலிழந்த ஞானசேகரனாக வந்தவர். எங்கள் பக்கம் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்றுதான் சொல்வோம். பக்கத்து ஊரில் பிறந்த மனிதருக்கு மட்டும் எப்படி ‘ழ’ இத்தனை சுத்தமாக வருகிறது என்று எங்களுக்குத் தீராத ஆச்சரியம். வாய்க்கால் கரையில் நாக்கை மடித்து மடித்துப் பழகுவோம்.

சித்தப்பா, எஸ்.எஸ்.ஆரைப் போலவே, தி.மு.க.காரர். அப்பத்தாவுக்குக் காங்கிரஸின் இரட்டைக்காளை. புராணப் படங்களில் நடிப்பதில்லை என்பது எஸ்.எஸ்.ஆரின் கொள்கை, ‘லட்சிய நடிகர்’ பட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். “சாமி படத்துல நடிக்க மாட்டேன்னவனுக்கு எதுக்குடா ஓட்டு?” என்பாள் அப்பத்தா. ஜீப்பில் நின்று கும்பிட்டபடி அவர் எங்கள் தெருவைக் கடந்த அன்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் ஓடியவளும் அவள்தான். “பய ராசா கணக்கா இருக்கான்டா!” கடைசியில் எதில் குத்தினாள் என்று சாகும்வரை சொல்லவில்லை.

எஸ்.எஸ்.ஆர். ஜெயித்தார். ஆனால் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றுப்போனார். சித்தப்பா வெடி வாங்கி வைத்திருந்தும் கொளுத்தவில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து ‘பூம்புகார்’. கோவலனாக எஸ்.எஸ்.ஆர்., கண்ணகியாக விஜயகுமாரி. “இது மட்டும் சாமி படமில்லையா?” என்று அப்பத்தா மடக்கினாள். “இது காப்பியம் ஆத்தா” என்று சித்தப்பா விளக்கியது அவளிடம் எடுபடவில்லை. படம் முடிந்து வந்ததும் கண்ணகிக்காக மூக்கைச் சிந்தினாள்; கோவலனுக்கு வசவு.

‘ஆலயமணி’யிலும் ‘கை கொடுத்த தெய்வ’த்திலும் சிவாஜிக்குப் பக்கத்தில் நின்றதால் அவரை இரண்டாம் வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. ‘சாரதா’வைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

1970இல் மாநிலங்களவைக்குப் போனார். 1980இல் அ.தி.மு.க. சார்பில் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 2014 அக்டோபரில் காலமானார். நடிகர்கள் அரசியலுக்கு வந்த கதையை எல்லோரும் எம்.ஜி.ஆரிலிருந்தே தொடங்குகிறார்கள். எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் ஓட்டு வாங்கிச் சட்டசபைக்குப் போனது 1967இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே, இந்தியாவில் முதன்முதலாக ஒரு சினிமா நடிகரைத் தேர்ந்தெடுத்துச் சட்டசபைக்கு அனுப்பியது எங்கள் தேனி.