பெரியப்பாவின் .315

அந்தக் காலத்தில் இராஜபாளையத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர்களில் பலரிடம் .315 ரைஃபிளைப் பார்த்திருப்பீர்கள். என் பெரியப்பாவிடமும் ஒன்று இருந்தது, இஷாப்பூர் தயாரிப்பு. பட்டாளத்து .303 தோட்டா பொதுமக்களுக்குக் கிடையாது, அதனால்தான் இந்த.315.

புதருக்குள் எண்பது, நூறு கஜத்தில் நிற்கும் மிளாவுக்கு அந்த 244 கிரெயின் குண்டு தாராளம். செண்பகத்தோப்புக்கு மேலே, பாறை முகட்டில் நிற்கும் வரையாடு என்றால்தான் சிக்கல். குண்டு கனம், வேகமோ குறைவு. முந்நூறு கஜம் போய்ச் சேர்வதற்குள் ஒரு முழத்துக்கு மேல் தாழ்ந்துவிடும்.

"கார்பெட் துரை கையிலிருந்த .275 ரிக்பி இருந்தா சங்கதியே வேற" என்பார் பெரியப்பா. அதில் 140 கிரெயின் குண்டு. இலேசு, வேகம், தாழ்வும் குறைவு. சீமைத் தோட்டாவுக்கு நாங்கள் எங்கே போவது?

ஆகவே வரையாட்டை அவர் பைனாகுலரில் பார்ப்பதோடு சரி. "அடிபட்டுப் பள்ளத்துல கிடந்து சாகும்டா, யாரு இறங்கித் தேடுறது?" கூட வந்தவர்கள் கேலி பேசினார்கள். எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் பட்டது.

1972 வனவிலங்குச் சட்டத்தோடு எல்லாம் முடிந்தது. 2021 முதல் அந்த மலை புலிகள் காப்பகம். ரைஃபிளை ஒப்படைத்த அன்று மிச்சத் தோட்டாக்களை எண்ணிக் கொடுத்தார். பதினேழு இருந்தன.