கோணல் பந்தும் நேரான மனிதரும்

பிரிஸ்டல் நகரிலிருந்து மேற்கே சுமார் 13 மைல் போனால் கிளீவ்டன் என்ற சிற்றூர் வரும். செவர்ன் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகக் கரை. எதிர்க்கரையில் வேல்ஸ் நாடு மங்கலாகத் தெரியும். இங்கே கடல் ஏறி இறங்கும் வேடிக்கையைக் கேளுங்கள்: நீர்மட்டம் 40 அடிக்கு மேல் மாறுமாம்! அதனால்தான் 1869-ல் திறந்த இரும்புக் கடற்பாலம் கொக்கைப்போல நெட்டைக் கால்களில் நிற்கிறது.

ஆனால், நாம் வந்தது பாலத்துக்காக மட்டும் அல்ல. பௌல்ஸ் ஆட்டத்தின் முடிசூடா மன்னர் டேவிட் பிரையன்ட் 1931-ல் பிறந்த ஊர் இது.

வெட்டிச் சமன்செய்த புல்தரை. தூரத்தில் ‘ஜாக்’ என்ற சின்னஞ்சிறு பந்து. அதன் அருகே தம் பந்தை உருட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். 'பூ, இவ்வளவுதானா?' என்கிறீர்களா? பந்தின் ஒரு பக்கம் சற்றே புடைத்திருக்கும். வேகம் குறையக் குறைய அது வளைந்து ஓடும். குறியைப் பார்த்து நேராக உருட்டினால் குறி தப்பும்!

பிரையன்ட் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாயில் பைப்பைக் கடித்தபடி, குந்தி எழுந்து பந்தை விடுவார். 1962-ல் பெர்த் காமன்வெல்த் பந்தயத்தில் ஒற்றையர் தங்கம் வென்றார். 1966-ல் கிங்ஸ்டன் பந்தயங்களில் இந்த ஆட்டத்தையே சேர்க்கவில்லை. பட்டத்தைக் காக்கக் களமே இல்லை! அவரோ அதே ஆண்டு சிட்னியில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்றார். பிறகு 1970, 1974, 1978 காமன்வெல்த் பந்தயங்களிலும் ஒற்றையர் தங்கம் அவருக்கே.

1970-ல் ஊருக்கு ஒரு சோதனை. பாரம் தாங்குமா என்று பார்த்தபோது கடற்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மிச்சத்தையும் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஊரார் விடவில்லை, ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்.

உலகப் பட்டமும் 1972-லும் 1976-லும் பிறர் கைக்குப் போயிற்று. 1980-ல் பிரையன்ட் அதை மீட்டார். 1984-ல் மறுபடி கை நழுவியது. 1988-ல் ஆக்லாந்தில் மூன்றாம் முறை வென்றபோது வயது 56! அடுத்த ஆண்டே கிளீவ்டன் பாலமும் மீண்டும் திறக்கப்பட்டது.

2020-ல், தமது 88-வது வயதில் அவர் மறைந்தார். பாலம் இன்றும் அலைகளுக்கு நடுவே நிற்கிறது. கிளீவ்டன் போகிறவர்கள் அதன்மேல் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, ஊருக்குள் திரும்பி அந்தப் புல்தரையையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். வளைந்து போனாலும் குறியை அடையலாம் என்பதற்கு இரண்டுமே சாட்சி.